போதும்பொண்ணும் நிற்கத் தெரியாத துருசியும்

குளக்கரை நாவல் மரத்தில் முசுறு எறும்புகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து வந்தன. முசுறு தெரியும்தானே? பச்சை இலைகளை இழுத்துச் சேர்த்து, நூலால் தைத்து, பந்து மாதிரிக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு. பழம் பறிக்க மரமேறிப் பார்த்தவர்களுக்கு அதன் கடியும் நன்றாகத் தெரியும்.

இலையைத் தைக்க நூலுக்கு எங்கே போவார்கள்? எறும்புக் குஞ்சுகள் புழுவாக இருக்கும்போது அவற்றின் வாயில் பட்டு நூல் ஊறும். ஒரு கூட்டம் இலைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடி ஓடித் தைக்கும்.

அதற்கு ஒரு முறை உண்டு. தொடங்கும் முன் பக்கத்தில் இருப்பவளின் கொம்பைத் தொட்டு, "கட்டலாமா?" என்று கேட்க வேண்டும். அவள், "கட்டு!" என்றால்தான் கட்டலாம். அதே மாதிரி நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. அங்கேதான் போதும்பொண்ணு வருகிறாள்.

கூட்டத்துக்கெல்லாம் ஒரே தாய், ராணியம்மா. உச்சிக் கூட்டுக்குள் உட்கார்ந்து முட்டையிடுவதுதான் அவள் வேலை. பிறப்பதெல்லாம் பெண். பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பிறக்கவே அலுத்துப்போய், ஒருத்திக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கில் பெண்கள் பிறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பெயர் வைத்த ராசியோ என்னவோ, அவளுக்கு அந்த வேலையே கிடைத்தது. ஒரு கூடு நிறைந்ததும் போதும்பொண்ணு வருவாள். தையலைச் சுற்றிப் பார்ப்பாள். கோணலாக இருந்தால் பிரிக்கச் சொல்வாள். சரியாக இருந்தால், தைப்பவளின் கொம்பில் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டி, "போதும் தங்கச்சி!" என்பாள். உடனே வேலை நிற்கும்.

அவளை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. குறை சொல்லவும் நிறுத்தவும் வருகிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

அவளுக்குத் துருசி என்று ஒரு தங்கை. கெட்டவள் இல்லை. சிரித்த முகம், துள்ளுகிற நடை. ஆனால் புழுவாக இருந்தவள் எறும்பாக மாறியபோது, அவளுடைய கொம்பின் நுனி மடங்கிப்போய்விட்டது. அது யார் குற்றமும் இல்லை. ஆயிரம் ஆயிரமாகப் பிறக்கிற இடத்தில் எங்கோ ஒன்று இப்படி ஆகிவிடும்.

ஒரு நாள் துருசி ஒரு கூட்டைத் தைத்து முடித்தாள். போதும்பொண்ணு வந்து தட்டினாள்.

"போதும் துருசி! கூடு நிறைஞ்சாச்சு!"

துருசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கூட்டின் முதுகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கினாள். யாரிடமும், "கட்டலாமா?" என்றும் கேட்கவில்லை.

"ஏய் துருசி! உனக்குத்தாண்டி சொல்றேன்!"

"என்னக்கா? பேசிக்கிட்டு நிக்காம நீயும் வந்து ஒரு இலையைப் பிடி!"

மடங்கிய கொம்பில் அவளுக்குத் தட்டு உறைக்கவே இல்லை. கூடு முடிந்தது. அதன் மேல் இன்னொன்று. அதன் பக்கத்தில் மற்றொன்று.

இதைப் பார்த்து எறும்புகள் பயந்திருக்க வேண்டும் இல்லையா? அதுதான் இல்லை! எறும்புச் சாதியில் சோம்பேறியைத் திட்ட நூறு வசவு உண்டு. ஓயாமல் உழைப்பவளைத் திட்ட ஒரு சொல்கூடக் கிடையாது. அதனால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"பாருங்கடி! ஒரு பொழுதுக்குள்ள எத்தனை கூடு!"

"இவளைப் பார்த்துல்ல நாம கத்துக்கணும்!"

மாவுப்பூச்சிகள் துளித்துளியாக விடும் இனிப்புநீர்தான் எறும்புகளுக்குச் சாப்பாடு. அன்று சாயங்காலம் முதல் துளியைத் துருசிக்குக் கொடுத்தார்கள். இளசுகள் அவளிடம் தொழில் பழகக் கூட்டமாக வந்தன. அவள் கொம்பை மடக்கியிருப்பதைப் பார்த்து, அதுதான் கெட்டிக்காரத்தனம் போலிருக்கிறது என்று அவையும் மடக்கிக்கொண்டன. ஒருத்தி இருவரானாள். இருவர் நால்வரானார்கள். அத்தனை பேருக்கும் தட்டு உறைக்கவில்லை.

போதும்பொண்ணு உச்சிக் கூட்டுக்கு ஓடினாள்.

"ராணியம்மா! துருசி போதும்னாக் கேக்க மாட்டேங்கிறா. குடியிருக்க ஆள் இல்லாத கூடாக் கட்டிக்கிட்டே போறா!"

"கட்டட்டுமே! கட்டுறது ஒரு தப்பா?"

"கட்டுறது தப்பில்லைம்மா. நிறுத்தாததுதான் தப்பு."

"உழைக்கிறவளைக் கண்டா உனக்கு வயித்தெரிச்சல்!" என்று ராணியம்மா சீறினாள். "இன்னையிலேருந்து உனக்குத் தட்டுற வேலை கிடையாது. போய் மூலையில உக்காரு!"

போதும்பொண்ணு ஓர் இலைக் காம்பின் மூலையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? துருசியின் கூட்டம் கண்மண் தெரியாமல் கட்டியது. குளத்துப் பக்கக் கிளை கூடுகளின் பாரம் தாங்காமல் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தது. மூடித் தைத்த இலைகள் வெயில் படாமல் மஞ்சளாகின. இத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டுமே! மாவுப்பூச்சிகள் இருக்கும் இடத்திலிருந்து தங்கள் கிளைக்கே புதுப் பாதை போட்டுக்கொண்டார்கள். இனிப்புநீரெல்லாம் அந்தப் பக்கம் போனது. அதோடு விட்டார்களா? நாலைந்து பேர் சேர்ந்து அடுத்த கிளைக்குப் போய் அங்கேயும் தொடங்கினார்கள்.

கிளைக்குக் கிளை காவல்காரிகள் உண்டு. அந்நிய எறும்பு வந்தால் கடித்துத் துரத்திவிடுவார்கள். ஆனால் துருசியின் ஆட்கள் வந்தபோது மோந்து பார்த்துவிட்டு, "நம்ம வாசனைதான்! போங்க, போங்க!" என்று வழி விட்டார்கள்.

மற்றக் கூடுகளில் பசி வந்தது. கடைசியில் உச்சிக் கூட்டிலும் பசி வந்தது. ராணியம்மா இளைத்தாள். முட்டையிடுவது நின்றது. தாய் போனால் கூட்டமே போயிற்று. அது எல்லோருக்கும் தெரியும்.

"இவ்வளவு வேலை நடக்குது! பசி எப்படி வந்துச்சு?" என்று எறும்புகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டன. யாருக்கும் விளங்கவில்லை.

அப்போதுதான் கம்பவுண்டர் காக்கா குளிக்க வந்தார்.

காக்கா எறும்பு மரத்தில் குளிப்பாரா என்று கேட்காதீர்கள். அது எறும்புக் குளியல். சிறகை விரித்துக்கொண்டு உட்கார்வார். எறும்புகள் இறகுக்குள் ஏறி ஓடிப் புளிப்பு நீரைப் பீச்சியடிக்கும். அவர் உடம்பில் இருக்கும் பேனெல்லாம் செத்து விழும். அவர் குடியிருப்பது டவுன் ஆஸ்பத்திரி வேப்பமரத்தில். டாக்டர்கள் மாணவர்களுக்குப் பாடம் சொல்வதை ஜன்னல் வழியாகக் கேட்பார். முழுசாகக் கேட்பதற்குள் யாராவது விரட்டிவிடுவார்கள். ஆகையால் அவருடைய வைத்தியமெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வரும்.

"என்ன இது? இறகுல ஏறி ஓடக்கூடத் தெம்பில்லையா உங்களுக்கு?" என்றார் காக்கா. "என் பேனெல்லாம் சிரிக்குது!"

"ராணியம்மாவே படுத்துட்டாங்க அண்ணே!" என்று எறும்புகள் அழுதன. "வேலையோ முன்னைவிட நாலு மடங்கு நடக்குது. சாப்பாடுதான் இல்லை."

காக்கா அண்ணாந்து பார்த்தார். தாழ்ந்து தொங்கும் கிளையைப் பார்த்தார். கூட்டின் மேல் கூட்டைப் பார்த்தார். புதுப் பாதையைப் பார்த்தார்.

"அடடா! இது எனக்குத் தெரிஞ்ச சீக்கு! எங்க ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனிக் கட்டடம் இருக்கு!"

"என்ன சீக்கு அண்ணே?"

"மனுஷன் உடம்பும் இந்த மரம் மாதிரிதான். உள்ளே செல்லு செல்லா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு செல்லு தன்னை மாதிரியே இன்னொண்ணை நகல் எடுத்து ரெண்டாப் பிரியும். ரெண்டு நாலாகும். குழந்தை வளர்றது அப்படித்தான். காயம் ஆறுறதும் அப்படித்தான். ஆறினதும், 'போதும்'னு உள்ளேயிருந்து ஒரு சேதி வரும். நின்னுடும்."

"அப்புறம்?"

"என்னைக்காவது நகல் எடுக்கிறதுல ஒரு பிசகு வந்துடும். அந்தச் செல்லுக்குப் 'போதும்'னு சொன்னா உறைக்காது. பிரிஞ்சுக்கிட்டே போகும். அதோட பிள்ளைகளும் அப்படியே! ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும். வேற இடத்துக்கும் குடி போகும். அதுக்குப் பேருதான் புற்றுநோய்!"

"புத்தா? நாங்க புத்துல இருக்கிறவங்க இல்லை! இலைக்கூட்டுக்காரங்க!" என்று ஒரு காவல்காரி கோபித்துக்கொண்டாள்.

"பேரை விடு தாயி, சீக்கைப் பாரு! உங்க கூட்டத்துல 'போதும்' சொல்ற ஆள் யாரும் கிடையாதா?"

எல்லாக் கண்களும் இலைக் காம்பின் மூலைக்குப் போயின.

ராணியம்மா படுத்தபடியே போதும்பொண்ணைக் கூப்பிட்டாள். "நான் பண்ணினது பெரிய தப்பு. மனசுல வச்சுக்காதே. என்னைக் காப்பாத்தாட்டியும் பரவாயில்லை, உன் தங்கச்சிங்களைக் காப்பாத்து!"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா," என்றாள் போதும்பொண்ணு.

காக்கா தொண்டையைச் செருமினார். "முதல்ல வெட்டி எடுக்கணும்! எங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷன்னு சொல்லுவாங்க. பல்லழகனைக் கூப்பிடுங்க!"

பல்லழகன் அந்த மரத்து அணில். வந்ததும் வராததுமாக, "நீங்க கடிச்ச கடியில என் வால் இன்னும் எரியுது! நான் எதுக்கு உதவணும்?" என்று முறுக்கிக்கொண்டான்.

"மரம் காஞ்சா நாவப்பழம் ஏதுடா தம்பி?" என்றார் காக்கா.

பல்லழகன் பல்லைத் தீட்டிக்கொண்டான். "எங்கே வெட்டணும்?"

"கூடு முடியுற இடத்துல இல்லை. கொஞ்சம் நல்ல கிளையையும் சேர்த்து வெட்டு. ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்தா மறுபடி முளைக்கும்!"

வெட்டுவதற்கு முன் போதும்பொண்ணு அந்தக் கிளைக்கு ஓடினாள். துருசி தைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு துரும்பாகியிருந்தது. அப்போதும் முகத்தில் சிரிப்பு.

"துருசி! கொஞ்சம் நில்லுடி! என் கூட வந்துடு!"

"நிக்கிறதா? அப்படின்னா என்னக்கா?" என்றாள் துருசி.

போதும்பொண்ணு தட்டினாள். மறுபடி தட்டினாள். கெஞ்சினாள். காலைப் பிடித்து இழுத்தாள். துருசி காலை உதறிவிட்டு அடுத்த இலைக்கு ஓடினாள்.

கறக் கறக் என்று பல்லழகன் கடித்தான். கிளை ஒடிந்து குளத்தில் விழுந்தது. கெண்டை மீன்கள் கூடிவிட்டன. எறும்புகள், "ஓ!" என்று ஆர்ப்பரித்தன. போதும்பொண்ணு மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அழுதாள். கூடப் பிறந்தவள் ஆயிற்றே!

ராணியம்மா கொஞ்சம் சாப்பிட்டாள். எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆனால் சில நாளில் சாப்பாடு மறுபடி குறைந்தது. வேறு கிளைகளுக்குக் குடி போனவர்கள் அங்கங்கே கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கிளை என்றால் வெட்டலாம். எல்லாக் கிளையையும் வெட்டினால் மரம் எது?

அடுத்த குளியலுக்கு வந்த காக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடடே! அதைச் சொல்ல மறந்துட்டேன்! ஆபரேஷனுக்கு அப்புறம் மருந்து ஏத்துவாங்க. எங்கெங்க ஓடி ஒளிஞ்சிருந்தாலும் தேடிப் போய் அடிக்கிற மருந்து. பிரியுற செல்லைப் பார்த்து அடிக்கும்!"

"அதுக்கு நாங்க எங்கே போவோம்?"

"குளக்கரையில வசம்பு இருக்கே!"

வசம்புக் கிழங்கின் காரமும் நெடியும் எறும்புக்கு ஆகாது. காக்கா ஒரு கிழங்கைப் பிடுங்கிக் கொத்திப் பொடியாக்கி மேலே கிளையிலிருந்து தூவிப் பார்த்தார். வாயைத் திறந்து தைத்துக்கொண்டிருந்தவர்களுக்குள் நெடி ஏறியது. துருசியின் ஆட்கள் சிலர் சுருண்டு விழுந்தார்கள். ஆனால் நல்ல கூட்டில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவர்களும் மயங்கி விழுந்தார்களே!

"ஐயோ! நம்ம ஆளுங்களையும் அடிக்குதே!"

"அங்கேயும் அதே கதைதான்," என்று காக்கா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "அந்த மருந்துக்கு யார் நல்லவன், யார் கெட்டவன்னு தெரியாது. வேகமாப் பிரியுறது யாருன்னுதான் தெரியும். முடிக்குக் கீழே இருக்கிற செல்லும் வேகமாப் பிரியுமில்லையா? அதான் தலைமுடி கொட்டுது. அப்புறம் முளைச்சுக்கும்."

போதும்பொண்ணு கொம்பை ஆட்டி ஆட்டி யோசித்தாள்.

"அண்ணே! தைக்காம, வாயை மூடிக்கிட்டு நிக்கிறவங்களை வசம்பு அடிக்குமா?"

"அவ்வளவா அடிக்காது."

"அப்போ நீங்க தூவுறதுக்கு முன்னாடி நான் தட்டுறேன்! நம்ம ஆளுங்களுக்கு நிக்கத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியாது!"

காக்கா அலகைத் திறந்தபடி நின்றார். "இது எங்க ஆஸ்பத்திரியிலேயே நான் கேட்டதில்லை!"

மறுநாள் போதும்பொண்ணு கிளை கிளையாக ஓடினாள். டொக் டொக்! "போதும் தங்கச்சி! வாயை மூடு!" டொக் டொக்! "போதும் அக்கா! அப்படியே நில்லு!" மரம் முழுக்க வேலை நின்றது. துருசியின் ஆட்கள் மட்டும், "சோம்பேறிங்க! நின்னுட்டாங்க பார்!" என்று கேலி செய்துகொண்டே தைத்தார்கள். மேலிருந்து வசம்பு விழுந்தது. தைத்தவர்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். நின்றவர்கள் தும்மினார்கள். அவ்வளவுதான்.

ஒரு தடவையில் தீருகிற காரியமா அது? தூவுவது, பிறகு உடம்பு தேறும் வரை காத்திருப்பது, மறுபடி தூவுவது என்று நடந்தது. நல்லவர்களுக்கும் லேசாகத் தலை சுற்றியது. உடம்பின் மினுமினுப்புப் போனது. குஞ்சுகளுக்கு ஊட்டுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டே இருக்க முடியாதே, அவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு கட்டத்தில் எல்லோரும் கொதித்துப்போனார்கள்.

"போதும் இந்த வைத்தியம்!" என்று கத்தினார்கள்.

போதும்பொண்ணு முன்னங்காலை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "போதும்னு சொல்றது என் வேலை! இன்னும் போதலை! இன்னும் ஒரு தடவை இருக்கு!"

அவளே இப்படிச் சொல்லும்போது மறுபேச்சு ஏது? முணுமுணுத்துக்கொண்டே கடைசித் தடவைக்கும் நின்றார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு சிலர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தார்கள். வெளியே வந்தால் காவல்காரிகள் வழக்கம்போல மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

"ஆங்! இன்னொண்ணு ஞாபகம் வந்துடுச்சு!" என்று காக்கா சிறகடித்தார். "உடம்புக்குள்ள காவல்காரங்க உண்டு. திருட்டுச் செல்லு 'நானும் உங்க ஆளுதான்'னு வேஷம் போட்டு அவங்களை ஏமாத்திடும். அந்த வேஷத்தைக் கலைக்கிறதுக்குன்னே இப்போ ஒரு மருந்து வந்திருக்காம். வேஷம் கலைஞ்சா போதும், காவல்காரங்களே பிடிச்சுக்குவாங்க!"

"எங்களை ஏமாத்தினாங்களா?" காவல்காரிகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாசனையும் எங்க வாசனை! எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மோந்து பார்க்காதீங்க. தட்டிப் பாருங்க!" என்றாள் போதும்பொண்ணு. "நின்னா நம்ம ஆள். நிக்காட்டி அந்த ஆள்!"

அன்றிலிருந்து காவல்காரிகள் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் தட்டினார்கள். நின்றவர்களை, "போய்ட்டு வா கண்ணு!" என்று அனுப்பினார்கள். நிற்காமல் ஓடியவர்களைக் கவ்விக் குளத்தில் எறிந்தார்கள். கெண்டை மீன்களுக்கு அந்த மாதம் முழுக்க விருந்துதான். தூங்கி வழிந்த காவல்காரிகளா இவர்கள் என்று பல்லழகனே அசந்துபோனான். போகிற போக்கில் அவனையும் தட்டினார்கள். அவன் மரியாதையாக நின்றான்.

இனிப்புநீர் பழைய பாதைக்குத் திரும்பியது. மஞ்சள் இலைகள் உதிர்ந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தளிர் விட்டது. உச்சிக் கூட்டில் ராணியம்மா வயிறாரக் குடித்தாள். இன்னும் ஒரு துளி கேட்டாள். பிறகு, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, வெள்ளை வெளேரென்று ஒரு முட்டையிட்டாள்!

மரமே அதிர்ந்தது. காக்காவுக்கு ராஜ குளியல் நடந்தது. ஒரு பேன் மிச்சமில்லை! "எதுக்கும் அப்பப்போ தட்டிப் பார்த்துக்குங்க. எங்க ஆஸ்பத்திரியிலயும் செக்கப்புக்கு வரச் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டு, இறகைக் கோதிக்கொண்டு பறந்தார்.

போதும்பொண்ணை எல்லோரும் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

"எங்க தங்கம்!"

"எங்க கண்ணைத் திறந்தவளே!"

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஆசை அடங்கவில்லை. மறுபடி சுற்றினார்கள். வாயில் இனிப்புநீரை ஊற்றினார்கள். இவள் ஊற்ற, அவள் ஊற்ற, இன்னொருத்தி வந்து ஊற்ற, போதும்பொண்ணுக்கு வயிறு வெடித்துவிடும் போல் ஆகிவிட்டது. புகழ்ச்சியோ நிற்கிற வழியாகவே இல்லை. தலை கிறுகிறுத்தது. கண்ணைத் திறக்க முடியாமல், கைக்கு எட்டிய ஒரு கொம்பில் தட்டினாள்.

டொக் டொக்.

"போதும்டி!"

சட்டென்று அத்தனை பேரும் நின்றார்கள். ஆயிரம் ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் நின்றன. குளத்துத் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்டது.

உச்சிக் கூட்டிலிருந்து ராணியம்மா எட்டிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். "இப்பத்தாண்டி நம்ம கூட்டத்துக்கு முழுசாக் குணமாச்சு!"

வளரத் தெரிந்தால் மட்டும் போதாது, நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். அது உடம்புக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும்.